முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?



இன்றைக்கு ஒரு பாடம் நடத்தப் போகிறேன். பணி ஓய்வு பெற்றும் இந்தப் புத்தி போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான பதிவு. காபியை ஆற்றிக்கொண்டு உட்காருங்கள். மொபைலில் எழுத்தை மாற்றி மாற்றி அடிக்க எனக்கு வராது. அதனால் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டு வாசித்தால் புரியும்.

போன மாதம் சின்னமனூரில் ஒரு கல்யாணம். என்னிடம் படித்த ஒருவர், இப்போது திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார், தன் மகனைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். இன்ஜினியரிங் மூன்றாம் வருடமாம். "டீச்சர்ட்ட இங்கிலீஷ்ல பேசுப்பா" என்றார். எனக்கே சங்கடமாக இருந்தது. பையன் கூச்சத்தோடு, "டீச்சர், ஐ ஹேவ் சீன் யூ லாஸ்ட் வீக்" என்றான். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தானாம். பக்கத்தில் நின்ற அவன் சித்தப்பா மகள், சென்னையில் படிக்கிறவள், களுக்கென்று சிரித்துவிட்டாள். "ஹேவ் சீன் லாஸ்ட் வீக்காம்!" என்று இன்னொருத்தியிடம் வேறு சொன்னாள். பையனுக்கு முகம் சுண்டிப்போனது. பந்தி முடியும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"தம்பி, என்னை எப்பப் பாத்த?"

"போன வாரம் பாத்தேன் டீச்சர்."

"போன வாரம் பாத்திருக்கேன்னு ஏன் சொல்லல?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி யாரு டீச்சர் சொல்லுவா? ஒங்கள இதுக்கு முன்னாடி பாத்திருக்கேன்னு சொல்லலாம். போன வாரம்னு சொல்லிட்டா பாத்தேன்தான்."

"இதைத்தாம்ப்பா இங்கிலீஷ்காரனும் சொல்றான்."

ஒரு நிமிடம் அப்படியே நின்றான். "அப்ப அந்த எடத்துல ஹேவ் வராதா டீச்சர்?" என்றான். வராது. "ஐ ஸா யூ லாஸ்ட் வீக்." அவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தும் அவனுக்குப் பிடிபடாத ஒன்று, அவன் வாயில் பேச்சு வந்த நாளிலிருந்து அவனிடமே இருந்திருக்கிறது. அதை அவனுக்கு எடுத்துக்காட்ட ஆளில்லை. அந்த ஆளாக இருந்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள் இல்லை. பள்ளிப்படிப்பு முடித்து, இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்கு வந்தவள். எங்கள் காலத்தில் மூன்றாம் வகுப்பில்தான் ஏ, பி, சி, டி எழுதவே கற்றுக்கொடுத்தார்கள். அப்படிப் படித்த நான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் நடத்தினேன். என்னிடம் படித்தவர்களுக்கு அந்தக் கரும்பலகை நினைவிருக்கும். இடது பக்கம் கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். கோரஸாகக் கத்துவீர்கள். வலது பக்கம் விதி: எப்போதோ நடந்தது என்றால் இரண்டாவது வடிவம், அதாவது சிம்பிள் பாஸ்ட். இப்போதுதான் நடந்தது என்றால் ஹேவ் அல்லது ஹேஸ் போட்டு மூன்றாவது வடிவம், அதாவது பிரசன்ட் பெர்ஃபெக்ட். இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்படித்தான் நானும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பிள்ளைகளா, அந்த விதி தப்பு. முழுத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் குழியில்தான் விழ வேண்டும்.

எப்படி என்று பாருங்கள். ஒருவர் ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் கிளம்பினார். இதைவிட ‘இப்போது’ உண்டா? ஆனாலும் ஆங்கிலத்தில் "ஹி லெஃப்ட் எ மினிட் அகோ" என்பதுதான் சரி. அங்கே ஹேஸ் வராது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி வருடம் ஆகிறது. இதைவிட ‘எப்போதோ’ உண்டா? ஆனாலும் "டைனோசர்ஸ் ஹேவ் டைட் அவுட்" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆகவே இது பக்கமா தூரமா என்ற கணக்கே இல்லை.

பிறகு என்ன கணக்கு? நம் வாய்க்காலுக்கு வாருங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். அந்த நாளில் வயலிலிருந்து ஓடிவருகிற பையன் என்ன சொல்லுவான்? "அப்பா, வாய்க்கால்ல தண்ணி வந்திருக்கு!" அப்பா மண்வெட்டியை எடுப்பார். ஏனென்றால் தண்ணீர் இப்போது அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதே பையன், "வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு" என்றால் அப்பா மண்வெட்டியை எடுக்கமாட்டார். "எப்ப வந்துச்சு? இப்ப இருக்கா?" என்று கேட்பார். வந்துச்சு என்பது வந்ததை மட்டும் சொல்கிறது. வந்திருக்கு என்பது இன்றைய நிலைமையையும் சேர்த்துச் சொல்கிறது.

ஆங்கிலத்திலும் இதேதான். "வாட்டர் கேம்" என்றால் வந்துச்சு. "வாட்டர் ஹேஸ் கம்" என்றால் வந்திருக்கு. ஹேவ் என்ற சொல்லுக்கே ‘வைத்திருப்பது’ என்றுதானே பொருள்? முன்னால் நடந்த ஒன்றை இன்று கையில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். பெயரிலேயே ‘பிரசன்ட்’ இருக்கிறதே, யாராவது கவனித்தோமா? பிரசன்ட் என்றால் நிகழ்காலம். இத்தனை வருடம் நடத்திய எனக்கே அது உறைக்கவில்லை. அதனால்தான் யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், 1995 என்று முடிந்துபோன ஒரு காலத்தைப் பெயர் சொல்லிக் கட்டிவிட்டால் அங்கே ஹேவ் ஒட்டுவதில்லை. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் புரட்டிய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்திலும் இந்த விதி இருக்கிறது. விதியை மனப்பாடம் செய்தோம். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு உதாரணம், தேனிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010 இறுதியில் போடி ரயிலை நிறுத்தினார்கள். அப்புறம் பதினோரு வருடத்துக்கு மேல் தண்டவாளம் இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 2022 மே மாதம் தேனிக்கு மறுபடி ரயில் வந்த அன்றைக்கு நாம் என்ன சொன்னோம்? "தேனிக்கு ரயில் வந்துருச்சு!" ஆங்கிலத்தில், "த ட்ரெயின் ஹேஸ் கம்." இன்றைக்கு என் பேத்தி, "எப்ப அம்மாச்சி ரயில் வந்துச்சு?" என்று கேட்டால், "2022ல வந்துச்சு" என்பேன். "த ட்ரெயின் கேம் இன் 2022." அதே ரயில்தான், அதே சம்பவம்தான். சொல்கிறவர் எங்கே நின்று சொல்கிறார் என்பதுதான் மாறியிருக்கிறது.

பென்னிகுயிக் துரையையும் இந்தப் பாடத்துக்குள் இழுத்துவிடுகிறேன். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் ஜனவரி 15, அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறோம். எத்தனையோ வீட்டில் சாமி படத்தோடு அவர் படமும் தொங்குகிறது. ஆனாலும் ஆங்கில இலக்கணத்தில் அவர் செய்தவை சிம்பிள் பாஸ்ட்தான். 1895இல் முல்லைப்பெரியாறு அணையை முடித்தார்: "ஹி ஃபினிஷ்ட்." 1911இல் காலமானார்: "ஹி டைட்." அணைக்கு மட்டும் ஹேஸ் போடலாம். "த டேம் ஹேஸ் ஃபெட் திஸ் வேலி." இந்த அணை நம் பள்ளத்தாக்குக்குச் சோறு போட்டிருக்கிறது, இன்றும் போடுகிறது. ஆள் போய்விட்டார், அணை நிற்கிறது. ஹேவ் எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். இந்தப் பாடத்தை நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வழியாகத்தான் தொடங்க வேண்டும். தொல்காப்பியர் காலம் மூன்று என்று சொன்னார். அந்த மூன்றுக்குள் நம் பேச்சு எத்தனை நுணுக்கம் வைத்திருக்கிறது பாருங்கள்: வந்தது, வந்திருக்கிறது, வந்துவிட்டது, வந்திருந்தது. எல்லாம் ‘இரு’, ‘விடு’ என்கிற இரண்டு துணைவினைகள் செய்கிற வேலை. தமிழ் ஐயா வகுப்பில் துணைவினை நடத்துகிறார். அடுத்த பீரியடில் இங்கிலீஷ் டீச்சர் ஆக்சிலரி வெர்ப் நடத்துகிறார். இரண்டும் ஒரே சாமான் என்று அந்தப் பிள்ளைக்கு இருவருமே சொல்வதில்லை. தமிழ் ஒரு நோட்டிலும் ஆங்கிலம் ஒரு நோட்டிலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. பிள்ளையின் தலை ஒன்றுதானே?

ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது, ஒரு தமிழ் வார்த்தை பேசினால் அபராதம் என்று சொல்கிற பள்ளிகள் உண்டு. பேச்சுப் பழக்கத்துக்கு அது உதவும் என்கிறார்கள். பேச்சுப் பழக்கத்துக்கு நிறைய ஆங்கிலம் காதில் விழ வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலக்கணம் புரிய வைக்கும்போது, பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்ததைப் பூட்டி வைத்துவிட்டுத் தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அந்தக் கல்யாணப் பையனுக்கு நான் இலக்கணமே நடத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி தமிழில் கேட்டேன்.

ஆனால் தமிழை அப்படியே பெயர்த்து வைத்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மூன்று இடத்தில் தமிழ் நம்மை வழுக்கிவிடும். மூன்றும் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தன.

ஒன்று. காலையில் எழுந்து வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்து, "நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை, ஈரத்தை வைத்துச் சொல்கிறோம். "நேத்து அவரு வந்திருக்காரு" என்பதும் அப்படித்தான். வந்ததாகக் கேள்விப்பட்டோம். கண்ணால் காணாததைச் சொல்லவும் தமிழ் இந்த ‘இரு’வைப் பயன்படுத்துகிறது. அதனால் அதனோடு ‘நேத்து’ சேரும். ஆங்கிலத்து ஹேஸுக்கு அந்த வேலை கிடையாது. அங்கே "இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" என்க வேண்டும். ஊகம் என்று காட்ட வேண்டுமானால் "இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்". நம்மவர்கள் "ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்று எழுதுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் அனுபவம். அது முட்டாள்தனத்தில் வருவதில்லை. தமிழ்க் காதிலிருந்து வருகிறது.

இரண்டு. "சின்ன வயசுல வைகை அணைக்குப் போயிருக்கேன்." தமிழில் நல்ல வாக்கியம். ஆங்கிலத்தில் சின்ன வயது என்பது முடிந்துபோன காலம். அதனால் "ஐ வென்ட் தேர் வென் ஐ வாஸ் எ சைல்ட்". வயதைச் சொல்லாமல், போன அனுபவம் உண்டு என்று மட்டும் சொன்னால் "ஐ ஹேவ் பீன் டு வைகை டேம்".

மூன்று. இதுதான் பெரிய குழி. "இருபது வருஷமா தேனில இருக்கேன்." தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே பெயர்த்து, "ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் ட்வென்டி இயர்ஸ்" என்கிறோம். ஆங்கிலம் இங்கே "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ட்வென்டி இயர்ஸ்" என்று கேட்கிறது. இருபது வருடம் முன்னால் தொடங்கி இன்றும் தொடர்கிறது என்று பொருள். யாராவது அவசரத்தில் ஹேவை விட்டுவிட்டு, "ஐ லிவ்ட் இன் தேனி ஃபார் ட்வென்டி இயர்ஸ்" என்று சொன்னால் அதுவும் இலக்கணப்படி சரியான வாக்கியம்தான். ஆனால் அவர் இப்போது தேனியில் இல்லை என்று பொருள் ஆகிவிடும்.

இந்த மூன்றாவதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். "ஹேவ் சீன் லாஸ்ட் வீக்" என்றால் கேட்கிறவர் சிரிப்பார், ஆனால் விஷயம் புரிந்துவிடும். மூன்றாவது வகையில் யாரும் சிரிக்கமாட்டார்கள். பிழையே தெரியாது. விஷயம் மட்டும் மாறிப்போய்விடும்.

என் பிள்ளைகளில் நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் பலர். வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கிறீர்கள். "ஹி ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. "ஹி ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் மூன்று நாளாகக் காய்ச்சல், இன்னும் விடவில்லை. நடுவில் ஒரு சின்ன ஹேஸ். அது இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு நோயாளியின் ராத்திரி இருக்கிறது. வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். "ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால் வேலையை விட்டாயிற்று. "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர்" என்றால் இன்னும் அங்கேதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வந்தேன்.

பல வருடங்களுக்கு முன்னால், என்னிடம் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் வெளியூர் ஹாஸ்டலில் சேர்ந்து மேலே படித்தாள். நன்றாகப் படிக்கிறவள். அப்பா இல்லை. அம்மா கூலி வேலை. போகும்போது அவளிடம், "மாசம் ஒரு கடிதம் எனக்கு இங்கிலீஷ்ல எழுதணும், நான் திருத்தி அனுப்புவேன்" என்று சொல்லியிருந்தேன். அவளும் நீலநிற இன்லேண்ட் லெட்டரில் ஒழுங்காக எழுதினாள். நான் சிவப்பு மையில் திருத்தி, கவரில் வைத்து அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட.

பத்தாம் வகுப்பு முடித்து அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்த வருடம், ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "லாஸ்ட் மந்த் மை மதர் வாஸ் இல். ஐ வென்ட் டு ஹோம் டூ டைம்ஸ்." போன மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. இரண்டு தடவை ஊருக்குப் போனேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘வென்ட் டு ஹோம்’ என்பதில் ‘டு’வை அடித்தேன். ‘டூ டைம்ஸ்’ என்பதை அடித்து ‘ட்வைஸ்’ என்று எழுதினேன். முதல் வாக்கியத்தில் பிழை இல்லை. லாஸ்ட் மந்த், வாஸ், எல்லாம் பொருத்தம். டிக் போட்டேன். போன மாதம் உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை என்று எடுத்துக்கொண்டேன். "அம்மா இப்ப எப்படிம்மா இருக்காங்க?" என்று கீழே ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

அம்மாவுக்குத் தேவலை ஆகவே இல்லை. அந்தப் பிள்ளை சொல்ல வந்தது, "ஒரு மாசமா அம்மாவுக்கு முடியல" என்று. போன மாதம் தொடங்கியது அல்லவா, அதனால் இறந்தகாலம் போட்டிருக்கிறாள். "மை மதர் ஹேஸ் பீன் இல்" என்று ஒரு வடிவம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. நான் அதை நடத்தவே இல்லை. ‘இஸ்’ என்றால் இப்போது, ‘வாஸ்’ என்றால் அப்போது. அதோடு என் பாடம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. படிப்பு மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாறு மாதம் கழித்து, விடிகாலையில் கம்பம் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் அவளைப் பார்த்தேன். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தம்பிகள் இருவர். படிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் டீச்சர் எழுதுனேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே நான் போயிருந்தால் அவள் அம்மா பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பஸ் ஏறிப் போயிருக்கலாம். ஹாஸ்டலில் பேசியிருக்கலாம். தம்பிகளுக்கு ஒரு வழி பார்த்து, அவளைப் பரீட்சை எழுத வைத்திருக்கலாம். அவள் கேட்டது அதைத்தான். நான் அவளுக்கு ‘ட்வைஸ்’ சொல்லிக்கொடுத்தேன்.

அவள் பிறகு தையல் கற்றுக்கொண்டாள். கல்யாணம், குழந்தைகள் எல்லாம் ஆகி நன்றாக இருக்கிறாள். என்னோடு பேசுவாள். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

ஆகவே, "புரிஞ்சாப் போதும், இலக்கணம் எதுக்கு?" என்று சொல்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான். புரிந்தது என்று நானும் நினைத்தேன். புரிந்ததாக நினைத்ததுதான் தப்பாகப் போனது. அதே சமயம், பிழையைக் கண்டால் மட்டும் கண் விரிகிறவர்களுக்கும் சொல்கிறேன். நான் அந்தக் கடிதத்தில் பிழையைத்தான் தேடினேன், பிள்ளையைத் தேடவில்லை. திருத்துவதற்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்பதை ஒரு ஆசிரியை நாற்பது வயதை நெருங்கும்போது கற்றுக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் இந்தப் பாடத்தை நடத்தும்போது முதல், இரண்டாவது, மூன்றாவது வடிவம் என்று தொடங்குவதை விட்டுவிட்டேன். ஒரே கேள்விதான் கேட்பேன்: "முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?" கடைசி பத்துப் பதினைந்து வருடத்தில் என்னிடம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். முடிந்துவிட்டது, எப்போது என்றும் சொல்கிறாய் என்றால் வென்ட், கேம், வாஸ். அதன் பலன் இன்னும் இருக்கிறது, அல்லது அதுவே இன்னும் தொடர்கிறது என்றால் ஹேவ், ஹேஸ். முன்னால் நடத்திய விதிகளைவிட இது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அதற்கு முன்னால் என்னிடம் படித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். உங்களுக்கு அரைப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள், "டீச்சர், இங்க சாப்பிட்டு வந்தவுடனே ‘ஐ ஜஸ்ட் ஏட்’னுதான் சொல்றாங்க, ஹேவ் போடுறதில்லை" என்பீர்கள். உண்மைதான். பிரிட்டிஷ்காரர் "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்" என்கிற இடத்தில் அமெரிக்கர் பல நேரம் ஹேவை விட்டுவிடுவார். அது அந்த ஊர் வழக்கம். மதுரைப் பேச்சும் கோயம்புத்தூர்ப் பேச்சும் வேறுபடுவது போல. ஆனால் காய்ச்சல் மூன்று நாளாக இன்னும் இருக்கிறது என்று சொல்ல அவர்களும் ஹேஸைத்தான் தேடிப் போக வேண்டும்.

கடைசியாக வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையோ, அண்ணன் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஆங்கிலத்தில் தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். நான்கு பேர் முன்னால் பேசச் சொல்லி நிறுத்தவும் செய்யாதீர்கள். அன்றைக்குச் சிரித்த அந்தப் பெண்ணும் நல்ல பெண்தான். அவளையும் யாரோ ஒரு நாள் சிரித்திருப்பார்கள். தனியாகக் கூப்பிட்டு, "இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவ?" என்று கேளுங்கள். பாதிப் பிழை அங்கேயே சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு நான் இருக்கிறேன். போன் போடுங்கள். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.

சரி, வீட்டுப்பாடம். பழைய பழக்கம். கீழே ஐந்து வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் முதலில் ‘முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா’ என்று கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். பெரியவர்களும் எழுதலாம். பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

1. பால்காரர் வந்துட்டாரு.
2. நேத்து பால்காரர் ஆறு மணிக்கு வந்தாரு.
3. பத்து வருஷமா இதே வீட்டுல இருக்கோம்.
4. பத்து வருஷம் அந்த வீட்டுல இருந்தோம்.
5. ஒரு மாசமா அம்மாவுக்கு முடியல.

ஐந்தாவதை மட்டும் யாரும் தப்பாக எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்